தந்தைவழி மரபணுவும் வன்னியின் பழங்குடிகளும்

இலங்கைத் தீவில் முதலில் வந்தவர் யார் என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஒரு காலத்தில் மகாவம்சத்தையும் யாழ்ப்பாண வைபவமாலையையும் முன்வைத்து வாதிட்டனர். பின்னர் கல்வெட்டுகளும் தாழிகளும் சாட்சிகளாக வந்தன. அண்மைய ஆண்டுகளில் மரபணு சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டுள்ளது. புலம்பெயர்ந்த நம்மவர் பலர் எச்சிலைக் குப்பியில் அடைத்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பி, தம் தந்தைவழிக் கிளை இன்னதெனத் தெரிந்துகொள்கின்றனர். அந்த முடிவை எனக்கு அனுப்பி, "நாங்கள் இந்த மண்ணின் ஆதிக்குடிகள் என்பது நிரூபணமாகிவிட்டதல்லவா?" என்று கேட்போரும் உண்டு. அதே ஆய்வுகளைக் காட்டி நேர்மாறான முடிவுக்கு வரும் சிங்கள அன்பர்களும் உண்டு. ஒரே சாட்சியை இரு தரப்பாரும் தத்தம் பக்கத்துக்கு அழைக்கும்போது, அச்சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்டறிவது பத்திரிகையாளனின் கடமை. வன்னி மண்ணை முன்னிறுத்தி அதனை இங்கு ஆராய முயல்கிறேன்.

தந்தையிடமிருந்து மகனுக்கு

மனித உடலின் கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. தமிழகத்தில் இவற்றைக் குரோமோசோம் என்றே பெரும்பாலும் எழுதுவர். இவற்றுள் வை எனப்படுவது ஆண்களிடம் மட்டுமே உள்ளது. தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து அவன் மகனுக்குமாக அது ஏறத்தாழ மாறாமல் இறங்கிவருகிறது. எப்போதாவது ஒரு சிறு விகாரம் நேரும். அவ்விகாரம் நேர்ந்தவனின் ஆண்வழி வாரிசுகள் அனைவரும் அந்த அடையாளத்தைச் சுமப்பர். இந்த அடையாளங்களைக் கொண்டே ஆய்வாளர்கள் உலக ஆண்களைக் கிளைகளாகப் பிரித்து, அவற்றுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக இட்டுள்ளனர். எல், எச், ஆர்2 ஆகியவை தென்னாசியாவில் பரவலாகக் காணப்படுபவை. ஆர்1ஏ கிழக்கு ஐரோப்பாவிலும் இந்தியாவிலும், ஆர்1பி மேற்கு ஐரோப்பாவிலும் மிகுதி.

இந்தச் சாட்சியின் எல்லையையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால், ஏறத்தாழ ஒல்லாந்தர் காலத்தில், ஒருவருக்குக் கணக்குப்படி 1,024 முன்னோர்கள் இருந்திருப்பர். மச்சான் மச்சாள் திருமணம் வழக்கிலுள்ள நம் சமூகத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வருவார் என்பதால் உண்மையான எண்ணிக்கை குறையும். எப்படியாயினும், வை நிறமூர்த்தம் அத்தனை பேரில் ஒரேயொருவரைப் பற்றித்தான் பேசும். தாயின் தந்தை, தந்தையின் தாய், அவர்களின் பெற்றோர் எவரும் அதில் இல்லை. ஆயிரம் பேர் கூடிய சபையில் ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் பதிந்துவிட்டு, சபையே பேசிவிட்டது என்று எழுதுவது போன்றதே, இதை வைத்து ஒருவரின் இனத்தை முடிவுசெய்வது.

ஐரோப்பா கற்பித்தது

இத்துறையில் மிக விரிவாக ஆராயப்பட்ட நிலம் ஐரோப்பா. குளிர்ந்த மண் பழைய எலும்புகளைக் காத்துவைத்திருப்பது அதற்கு ஒரு காரணம். 2015 ஆம் ஆண்டில் ஹாக் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளியில் கி.மு. 3300 அளவில் வாழ்ந்த யம்னயா எனப்படும் மேய்ச்சல் மக்களின் வழியினர் மத்திய ஐரோப்பாவுக்குள் பெருந்தொகையில் பரவினர் என்றும், இந்தோ ஐரோப்பிய மொழிகளுள் சிலவேனும் அவர்களோடு வந்தன என்றும் அது வாதிட்டது. 2018 இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, பிரித்தானியாவில் அதற்கு முன்னர் வாழ்ந்தோரின் மரபணுப் பங்கில் ஏறத்தாழ 90 வீதம் சில நூற்றாண்டுகளுக்குள் மாறிப்போயிற்று. தந்தைவழிக் கிளையும் மொழியும் கைகோத்து நடந்ததாகவே தோன்றியது.

ஆனால் ஐபீரியத் தீபகற்பத்தில் கதை வேறு. அங்கு கி.மு. 2000 அளவில் பழைய ஆண்வழிக் கிளைகள் ஏறத்தாழ முழுமையாக மறைந்து, புல்வெளியோடு தொடர்புடைய ஆர்1பி கிளை நிறைந்தது என 2019 இல் காட்டப்பட்டது. மொத்த மரபணுப் பங்கிலோ மாற்றம் சுமார் 40 வீதம் மட்டுமே. பாஸ்க் மக்களும் இதே ஆர்1பி கிளையைத்தான் மிகுதியாகக் கொண்டுள்ளனர். எனினும் அவர்கள் பேசும் மொழி இந்தோ ஐரோப்பிய மொழியன்று. அதற்கு உறவு மொழி எதுவும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. தந்தையர் மாறினர், மொழி மாறவில்லை. ஹங்கேரியில் இதற்கு எதிர்மாறாக நடந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மகியார்களின் மொழி நாடு முழுவதும் நிலைத்தது. இன்றைய ஹங்கேரியரிடம் அவர்களின் தந்தைவழிச் சுவடோ மிகச் சொற்பம். மேற்கு ஐரோப்பாவுக்கு உரியதாகக் கருதப்படும் ஆர்1பி யின் ஒரு தனிக்கிளை ஆபிரிக்காவின் சாட் ஏரியைச் சூழ்ந்த மக்களிடம் மிகுந்து காணப்படுகிறது. அவர்கள் பேசுபவை சாடிக் மொழிகள்.

இந்தியாவிலும் இவ்வாறே. ஐரோப்பாவிலும் வட இந்தியாவிலும் காணப்படும் ஆர்1ஏ, திராவிட மொழி பேசும் ஆந்திரத்துச் செஞ்சுப் பழங்குடியினரிடமும் கணிசமாக உள்ளது. தமிழகத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் முதலானோர் பங்குகொண்டு 2012 இல் வெளியிட்ட ஆய்வு, 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் வை நிறமூர்த்தங்களை ஆராய்ந்தது. அச்சமூகங்களிடையே உள்ள வேறுபாடு சாதி அமைப்புக்கும் முந்தியது, வேளாண்மை பரவிய காலத்தோடு தொடர்புடையது என்பது அதன் முடிவு. வந்தவர் போனவர் கதையைவிட, உழுதவர் வேட்டையாடியவர் கதையே அங்கு முதன்மை பெற்றது.

இலங்கையின் ஆய்வுகள்

இலங்கை மக்களின் இரத்தத்தை ஆராயும் முயற்சி புதியதன்று. விசயன் கதை உண்மைதானா என்று இரத்தக் குறிகளைக் கொண்டு கேட்ட ஆய்வை கேர்க் 1976 இல் வெளியிட்டார். அதே கேள்வியை 1988 இல் சகா மீண்டும் எழுப்பினார். 1995 இல் க்ஷத்ரிய வேறொரு கணக்கைப் போட்டார். சிங்கள மக்களுக்குத் தென்னிந்தியாவோடு உள்ள உறவு எவ்வளவு, வங்கத்தோடு உள்ள உறவு எவ்வளவு என்பதில் இவர்கள் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முடிவு வந்தபோதும் தமக்கு உகந்ததை மட்டும் வெட்டி எடுத்துக் கட்டுரை எழுதியோர் இரு தரப்பிலும் இருந்தனர்.

மரபணுவையே நேரடியாகப் படிக்கும் தொழில்நுட்பம் வந்த பின்னர் சித்திரம் தெளிவடைந்தது. 2014 இல் ரணவீரவும் பிறரும் 271 இலங்கையரின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்தனர். வேடர் மற்றெல்லோரிடமிருந்தும் தனித்து நின்றனர். 2023 இல் வெளியான விரிவான ஆய்வு, சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மரபணு அளவில் மிக நெருங்கியவர்கள் என்றது. 2024 இல் வாரணாசி, ஐதராபாத், கொழும்பு ஆய்வாளர்கள் வேடரைப் பற்றி எழுதினர். வேடருக்கு இந்தியாவின் சாந்தால், இருளர், பணியர் முதலிய பழங்குடிகளோடு தொலைவான உறவு தெரிகிறது என்பதும், தீவின் ஏனைய இரு மக்களிடமிருந்து அவர்கள் பெற்ற கலப்புக் குறைவு என்பதும் அதன் சாரம்.

தந்தைவழியை மட்டும் பார்த்தாலும் இதுவே நிலை. எல், எச், ஆர்2, ஜே2, ஆர்1ஏ ஆகிய கிளைகள் சிங்களவரிடமும் உண்டு, தமிழரிடமும் உண்டு. ஒரு வை நிறமூர்த்தத்தை மேசையில் வைத்து, அதற்குரியவர் வீட்டில் எம்மொழி பேசினார் என்று எவராலும் சொல்ல முடியாது. இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. மகாவம்சமே விசயனுக்கும் அவனது தோழருக்கும் மதுரையிலிருந்து பெண் எடுத்துக் கொடுக்கிறது. விசயனுக்கு அந்தப் பாண்டிய அரசியிடம் பிள்ளை இல்லை. குவேனியிடம் பிறந்த பிள்ளைகள் காட்டுக்குள் சென்று புளிந்தரானார்கள் என்பது கதை. தந்தைவழிக் கணக்கைக் கண்டிப்பாகப் பார்த்தால், மகாவம்சம் கூறும் விசயனின் நேர்வாரிசுகள் காட்டில் வாழ்ந்தோர்தாம்.

ஈழத்தமிழர் மரபணு பற்றி வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலக ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் பொதுத் தொகுதியான ஆயிரம் மரபணுத் திட்டம் 2015 இல் நிறைவுற்றது. அதிலுள்ள 2,504 பேரில் 102 பேர் இலங்கைத் தமிழர். இவர்களின் மாதிரிகள் எடுக்கப்பட்டது பிரித்தானியாவில். ஆகவே அதன் பின் உலகில் எங்கு ஆய்வு நடந்தாலும், "இலங்கைத் தமிழர்" என்று பெரும்பாலும் எடுத்தாளப்படுவது புலம்பெயர்ந்து பிரித்தானியாவில் வாழ்வோரின் மரபணுவே. அவர்களுள் எவர் தென்மராட்சியினர், எவர் முள்ளியவளையினர், எவர் திருகோணமலையினர் என்ற பிரிவு அப்பொதுத் தொகுதியில் இல்லை. வன்னி அங்கு தனியாகப் பேசவில்லை.

வன்னியில் யாரைக் கேட்பது?

சரி, நாளை ஓர் ஆய்வாளர் வன்னிக்கே வந்து மாதிரி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் எடுப்பார்?

இம்மண்ணில் மனித வாழ்வு மிகப் பழையது. இரணைமடுவின் சரளைப் படிவில் கல்லாயுதங்கள் கிடைத்தமையால், அவ்வகைப் படிவுக்குத் தொல்லியல் நூல்களில் இரணைமடுப் படிவு என்றே பெயர். தென்கரையில் பத்திரஜவெல என்னுமிடத்தில் அதே வகைப் படிவு சுமார் 1,25,000 ஆண்டுகள் பழமையானது என எஸ்.யு. தெரணியகல கணித்தார். அந்த ஆயுதங்களைச் செய்தோரின் எலும்பு எதுவும் அப்படிவில் கிடைக்கவில்லை. எமது வெப்பமும் ஈரமும் எலும்பையும் அதனுள்ளிருக்கும் மரபணுவையும் எளிதில் அழித்துவிடுகின்றன.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால், வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிராமிக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. விசாகன் என்னும் தமிழ் வணிகன், இல்லத் தலைவன், அளித்த கற்குகையையும் படிக்கட்டையும் அவை குறிக்கின்றன. அவனைத் "தமெட" என்று கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கல்வெட்டின் மொழி பிராகிருதம். தமிழன் ஒருவன், பௌத்தத் துறவிகளுக்கு, பிராகிருத மொழியில் எழுதிவைத்த தானம் அது. விசாகனின் வழித்தோன்றல்கள் பின்னர் எம்மொழி பேசினர்? வன்னியில் தங்கியிருந்தால் தமிழாக இருக்கலாம், அநுராதபுரத்துக்குப் பெயர்ந்திருந்தால் சிங்களமாக இருக்கலாம். அவனுடைய வை நிறமூர்த்தம் இரு இடத்திலும் ஒன்றுதான்.

கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கண்டெடுத்த பழைய மட்பாண்டங்களும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் 1993 இல் நூலாக வெளிவந்தன. கறுப்பு, சிவப்பு மட்பாண்டத்தைத் தமிழகத்தின் பாண்டங்களோடு ஒப்பிட இயலும். பாண்டம் வந்தபோது குயவனும் வந்தானா, அல்லது தொழில் மட்டும் வந்ததா என்பதைப் பாண்டம் சொல்வதில்லை.

பின்னர் வன்னிமைகளின் காலம். வையாபாடல் முதலிய நூல்கள் வன்னியர் தென்னிந்தியாவிலிருந்து வந்த வரலாற்றைக் கூறுகின்றன. பேராசிரியர் சி. பத்மநாதன் இவற்றைச் சாசனங்களோடு ஒப்பிட்டு விரிவாக எழுதியுள்ளார். வன்னியர் என்பது இங்கு ஆட்சிப் பட்டமாகவும் விளங்கியது. அடங்காப்பற்றில் தமிழ் வன்னியர் இருந்தனர். புத்தளத்தில் முக்குவ வன்னியர் இருந்தனர். நுவரகலாவியவில் சிங்கள வன்னியர் இருந்தனர். ஒரே பட்டத்தை மூன்று விதமான குடிகள் தாங்கின. பண்டார வன்னியனின் வழியினர் என்று கூறுவோரின் மரபணுவை ஆராய்ந்தாலும், பட்டத்தின் தோற்றத்தை அது காட்டப்போவதில்லை.

பிரித்தானியர் காலத்தில் இந்நிலம் ஏறத்தாழ வெறுமையுற்றது. ஜே.பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைநூலைப் படிப்போர், உடைந்த குளங்களும் காய்ச்சலில் தேய்ந்த கிராமங்களும் நிறைந்த நாட்டையே காண்பர். சிற்றூர்களில் தந்தைவழிக் கிளைகள் எளிதில் அறும். ஒரு தலைமுறையில் ஆண்பிள்ளை பிறவாவிட்டால் போதும். அந்த நூல் முடிந்துவிடும். மகள்களின் வழியே குடும்பம் தழைத்திருந்தாலும் வை நிறமூர்த்தத்தில் அது தெரியாது.

இருபதாம் நூற்றாண்டில் இரணைமடுவின் கீழும், பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலும் குடியேற்றத் திட்டங்கள் எழுந்தன. குடாநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. 1958, 1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகத் தமிழர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டி வயல் செய்தனர். இவர்களுள் பலருடைய பாட்டன்மார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டோர். ஆகவே இன்று கிளிநொச்சிச் சந்தையில் நூறு ஆண்களிடம் மாதிரி எடுத்தால், வன்னியின் ஆதி வரலாறு கிடைக்காது. கடந்த நூறாண்டு இடப்பெயர்வின் வரலாறே கிடைக்கும். அதுவும் ஒரு வரலாறுதான். ஆனால் அதற்கு வேறு பெயரிட்டு விற்கக்கூடாது.

தாய்மொழியா, தந்தைமொழியா?

நாம் தாய்மொழி என்கிறோம். மரபணு அறிஞர் சிலரோ பல நாடுகளில் மொழி தந்தைவழிக் கிளையோடுதான் ஒத்துப்போகிறது என்கின்றனர். இந்தியாவின் முண்டா மொழியினர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்களின் தாய்வழி இந்திய மண்ணுக்கு உரியது. தந்தைவழியில் தென்கிழக்காசியாவின் ஓ கிளை மிகுந்துள்ளது. வந்த ஆண்களின் மொழி நிலைத்தது. மணந்த பெண்களின் மொழி மறைந்தது.

இந்த விதியை நமக்குப் பொருத்தும்போது நம் குடிவழக்கத்தையும் பார்க்க வேண்டும். வடக்கில் 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, ஆண்வழி முதுசத்தையும் பெண்வழிச் சீதனத்தையும் தனித்தனியே வகுக்கிறது. வீடு பெரும்பாலும் மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மட்டக்களப்பிலோ குடியே தாய்வழியில்தான் எண்ணப்படுகிறது. ஆண்கள் ஊர்விட்டு ஊர் சென்று பெண்கள் நிலைத்திருக்கும் சமூகத்தில், ஊரின் பழமையைத் தாய்வழி மரபணு நன்கு காட்டும். தந்தைவழி மரபணு சிதறிக் கிடக்கும். தாய்லாந்தின் மலைக்குடிகளிடம் 2001 இல் நடந்த ஆய்வு இதனைக் காட்டியுள்ளது. தந்தைவழியை மட்டும் வைத்து நம் ஊர்களின் தொன்மையை அளப்பது பிழையான கோலால் நிலம் அளப்பதாகும்.

வேடரின் நிலையும் இதையே உணர்த்துகிறது. தம்பானை வேடரின் பேச்சில் சிங்களம் மிகுந்துவிட்டது. வாகரைப் பகுதியின் கரையோர வேடர் தமிழ் பேசுகின்றனர், கோயிலுக்குச் செல்கின்றனர். மொழியைக் கேட்டால் ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். இருவரும் தம்மை வேடர் என்கின்றனர். இத்தீவில் முதலில் வந்தவர் யார் என்ற வழக்கில் மிக வலுவான உரித்து உடையோர் அவர்களே. அவர்கள் அந்த வழக்கைத் தொடுக்கவுமில்லை. தொடுத்தோர் அவர்களைச் சாட்சிக்கு அழைக்கவுமில்லை.

காணி உறுதி அல்ல

மரபணு காணி உறுதியாகாது. ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமை, அவர்கள் அம்மண்ணில் வாழ்கிறார்கள், உழுகிறார்கள், பேசுகிறார்கள், தம்மை ஒரு மக்களாக உணர்கிறார்கள் என்பதில் தங்கியுள்ளது. 1977 இல் நுவரெலியாவிலிருந்து உடுத்த துணியோடு வந்து வவுனியாக் காட்டைத் திருத்தியவனுக்கு, பத்து நூற்றாண்டுத் தந்தைவழி தேவையில்லை. நம் உரிமையை மரபணுவில் கட்டினால், அடுத்த ஆய்வுக்கட்டுரை வந்து அதனை அசைக்கலாம். அத்தகைய அத்திவாரத்தில் அரசியலைக் கட்டுவது அறிவுடைமை அன்று.

தந்தைவழி மரபணு வன்னிக்குச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. அது ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய பணி அல்ல. 2023 ஜூன் மாதம் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி. அன்றிலிருந்து இன்றுவரை, பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய்மாரும் தந்தைமாரும் பலர்.

எலும்பிலிருந்து எடுக்கப்படும் வை நிறமூர்த்தத்தைத் தந்தையோடோ, உடன்பிறந்த ஆணோடோ, மகனோடோ ஒப்பிடலாம். அது தனித்து ஒருவரை அடையாளம் காட்டாது. ஒரே தந்தைவழி ஆண்கள் அனைவரிடமும் ஒன்றாகவே இருக்கும். தாய்வழி மரபணுவும் ஏனைய நிறமூர்த்தங்களும் சேர்ந்தே பெயரைச் சொல்ல வேண்டும். ஒப்பிடுவதற்கு உறவினர் உயிரோடு இருக்க வேண்டும். அவர்கள் மறையுமுன்னர் அவர்களின் மாதிரிகள், அவர்கள் சம்மதத்தோடும் நம்பத்தக்க பாதுகாப்போடும் பெறப்பட்டுப் பேணப்பட வேண்டும். இது காலத்தோடு செய்ய வேண்டிய வேலை. 2009 இல் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்தே மாண்ட குடும்பங்களில் அந்த நூல் ஏற்கெனவே அறுந்துவிட்டது.

எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பும் நம் புலம்பெயர் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்1ஏ யா, எல் ஆ என்று அறிவதில் தவறில்லை, அறிவுத்தாகம் நல்லது. அதே அக்கறையை, வன்னியில் காத்திருக்கும் அந்தக் குடும்பங்களின் மாதிரிகள் ஒழுங்காகச் சேகரிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையிலும் காட்டுங்கள். நம் முப்பாட்டன் எங்கிருந்து வந்தான் என்பதை அறியாமல் நாம் வாழ்ந்துவிடலாம். தன் மகன் எங்கே என்பதை அறியாமல் அந்தத் தாய் வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.